பலி உயரும் என எதிர்பார்ப்பு

அலுவலகத்தில் அவளுக்கு அகராதி என்று பெயர். சொல்லில் சந்தேகம் வந்தால் எல்லோரும் அவளிடம்தான் போய் நிற்பார்கள் என்பது ஒரு காரணம். வாயைத் திறந்தால் திமிர் என்பது இன்னொரு காரணம். ஒரே பேரில் இரண்டு வேலையும் முடிந்ததில் வைத்தவர்களுக்குப் பரம திருப்தி. அவளுக்கும் தெரியும். போகட்டும், கிளி என்றும் குரங்கு என்றும் வைக்காமல் விட்டார்களே என்று இருந்துவிட்டாள்.

செய்தித் தொலைக்காட்சி ஒன்றில் மொழிபெயர்ப்பு மேசை அவளுடையது. ஏஜென்சிகளிலிருந்து ஆங்கிலத்தில் வந்து கொட்டும் செய்தியைத் தமிழாக்கி வாசிப்பவருக்குக் கொடுக்க வேண்டும். திரையின் அடியில் ஓடும் வரியையும் அவள்தான் அடிக்க வேண்டும். சம்பளத்துக்குச் செய்கிற வேலையில் பிடிக்காத சொற்கள் நூறு இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடுவாள். ஒரே ஒரு சொல்லைப் பார்த்தால் மட்டும் அவளுக்கு உண்மையாகவே குமட்டிக்கொண்டு வரும். எதிர்பார்க்கப்படுகிறது.

ஆங்கிலத்தில் 'எக்ஸ்பெக்ட்' என்பது ஒரு வெறும் கூடை. மழையையும் போடலாம், மாமியாரையும் போடலாம், மரணத்தையும் போடலாம். வரும் என்று தோன்றுகிறது, அவ்வளவுதான். வந்தால் சந்தோஷமா சங்கடமா என்று அந்தச் சொல் கேட்பதில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளை 'எக்ஸ்பெக்டிங்' என்பார்கள். மேலதிகாரி 'ஐ எக்ஸ்பெக்ட்' என்று கடிதம் எழுதினால் அது ஆசையே இல்லை, அதிகாரம். தமிழில் எதிர்பார்ப்பது அப்படியா? எதிரே பார்ப்பது. வருகிறாரா, வருகிறாரா என்று எட்டி எட்டிப் பார்ப்பது. விருந்தாளியை எதிர்பார்ப்போம். பரீட்சை முடிவை எதிர்பார்ப்போம். பதவி உயர்வை எதிர்பார்த்து எதிர்பார்த்துக் கழுத்து வலித்துப்போகும். அடுத்தவன் சாவை எதிர்பார்க்கிறவனுக்கு நம் ஊர்த் தெருக்களில் வேறு பேர்கள் உண்டு, அவற்றை அச்சில் போட முடியாது.

ஆனால் செய்தியில் போடுவார்கள். 'நோயாளி ஓரிரு நாளில் உயிரிழப்பார் என மருத்துவர்கள் எதிர்பார்க்கின்றனர்' என்று ஒருமுறை ஒருவர் எழுதிக்கொடுத்தார். என்னவோ டாக்டர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு மாலையோடு நிற்கிற மாதிரி. அகராதி அதை அடித்து 'பிழைப்பது அரிது' என்று மாற்றினாள். அன்றிலிருந்து அந்தச் சொல் சாவின் பக்கத்தில் எங்கே வந்தாலும் தேடிப்பிடித்து அடிப்பாள். எலி வேட்டை மாதிரி அவளுக்கு அது தினசரி வேலை.

அன்று காலை குளிர்பதனக் கிடங்கு ஒன்றின் கூரை இடிந்து விழுந்ததாகச் செய்தி வந்தது. பெட்டி பெட்டியாய்ச் சரக்கு அடுக்கி வைத்த மூன்று மாடிக் கட்டடம், உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும் நேரம். முதலில் நான்கு பேர் என்றார்கள், டீ வருவதற்குள் பதினொன்று ஆகிவிட்டது. கடைசி வரி வழக்கமான வரி: 'டோல் எக்ஸ்பெக்டட் டு ரைஸ்.'

'பலி எண்ணிக்கை உயரக்கூடும் என்று அஞ்சப்படுகிறது' என்று அடித்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது, திரையில் அடிவரி வேறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பலி உயரும் என எதிர்பார்ப்பு.

அகராதி எழுந்து சீஃப் அறைக்குப் போனாள். சீஃப் என்பவர் செய்திப் பிரிவுக்கு மொத்தப் பொறுப்பாளர். பல் குத்தும் குச்சியை வாயிலிருந்து எடுக்காமலே பேசுவார், குச்சி வார்த்தைக்கு வார்த்தை ஆடும். நகம் வெட்டுவதும் அவர் மேசையில்தான். வெட்டியது அவள் கொடுத்த தாளின் மேலேயே கிடக்கும். அந்தத் தாளைத் திரும்ப வாங்கும்போதெல்லாம் இரண்டு விரல் நுனியால்தான் வாங்குவாள்.

"நான் அடிச்ச வரியை யார் மாத்தினது?"

"நான்தாம்மா. உன் வரி பாதித் திரை ஓடுது. ஒத்த வார்த்தையில சொல்லணும். இங்கிலீஷ்ல என்ன போட்டிருக்கான்? எக்ஸ்பெக்டட். மழை எக்ஸ்பெக்டட், விலை எக்ஸ்பெக்டட், அது மாதிரி இதுவும்."

"மழைக்கும் பொணத்துக்கும் ஒரே வார்த்தையா சார்? சின்னதா வேணும்னா 'அச்சம்'னு போடுங்க. எதிர்பார்ப்பை விட அது சின்னது. எண்ணிக்கூடப் பார்த்துக்கலாம்."

சீஃப் எண்ணவில்லை. குச்சியை ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய்க்குத் தள்ளினார்.

"அச்சம்னு போட்டா ஜனங்க பயந்து வேற சேனலுக்குப் போயிடுவாங்க. எதிர்பார்ப்புன்னு போட்டாத்தான் உட்கார்ந்து பார்ப்பாங்க. அதுல ஒரு இது இருக்கு. உனக்குப் புரியாது, போ."

நன்றாகவே புரிந்தது. புரிந்ததுதான் குமட்டியது. இத்தனை நாள் இந்த ஆட்கள் தமிழ் தெரியாமல் எழுதுகிறார்கள் என்று நினைத்துத் திருத்திக்கொண்டிருந்தாளே, அந்த முட்டாள்தனத்தை என்னவென்று சொல்வது. தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள். இந்த அலுவலகத்தில் அந்தச் சொல் சரியான பொருளில்தான் புழங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

வெளியே வந்தால் கிராஃபிக்ஸ்காரர் தன் கணினியில் எண்களைச் செய்துகொண்டிருந்தார். நல்ல மனுஷர், இரண்டு பெண் பிள்ளைகளின் அப்பா, யாருக்காவது ஜுரம் என்றால் முதலில் மாத்திரை வாங்கி வருகிறவர். சிவப்பு எழுத்தில் '25' முடிந்திருந்தது. '50'க்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இப்பவே எதுக்கு இதெல்லாம்?" என்றாள்.

"வந்தவுடனே போடணும்ல? கடைசி நிமிஷத்துல என் உசுரை எடுப்பாங்க. போன தடவை ரயில் விபத்துக்கு அம்பது அழகா பண்ணி வச்சேன், முப்பத்தொண்ணுலயே நின்னு போச்சு. எல்லாம் வேஸ்ட்." அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

அப்போதுதான் தங்கச்சி கூப்பிட்டாள்.

அவளுடைய ஒரே தங்கச்சி. வாயாடி, எதற்கும் சிரிக்கிறவள், சின்ன வயதில் சாவு வீட்டில் சிரித்து அடி வாங்கியவள். அவள் புருஷன் எலக்ட்ரீஷியன், எங்கே குளிர்சாதனம் கெட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு போகிற ஆள். அகராதியை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவளுக்கு அவர் மாப்பிள்ளை. வாரத்துக்கு ஒருதரம் போனில், "அக்கா, உங்க டிவியில இன்னிக்கு யாரு செத்தா?" என்று வம்பிழுக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

"அக்கா, அந்த கோடவுன்லதாங்கா இவர் இருக்காரு." தங்கச்சி நிறுத்தாமல் பேசினாள். "காலையில கம்ப்ரசர் ஓடலைன்னு கூப்பிட்டாங்க, போனாரு. போன் போக மாட்டேங்குது. நான் வாசல்லதான் நிக்கிறேன். முன்பக்கமே தோண்டுறாங்கக்கா. கம்ப்ரசர் பின்பக்கம். யாருமே கேக்க மாட்டேங்குறாங்க."

 அகராதி நிமிர்ந்து பார்த்தாள். எதிரே சுவரில் பெரிய திரை. அதில் அந்தக் கட்டடம், அந்தப் புழுதி, அதன் அடியில் பலி உயரும் என எதிர்பார்ப்பு.

போகக்கூடாத இடத்துக்குத்தான் மறுபடி போனாள். வேறு யாரிடம் போவது? சீஃபுக்கு அந்தப் பக்கத்து அதிகாரிகள் எல்லோரையும் தெரியும். விஷயத்தைச் சொன்னாள். சொல்லும்போதே அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. அந்த முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஒரு வெளிச்சம் வந்தது. உடனே அதை அணைத்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

"அடடா. நம்ம வீட்டு ஆளா! கவலைப்படாத. உன் தங்கச்சி அங்கதான நிக்குது? நம்ம நிருபர் முன்னாடி கொண்டு வந்து நிறுத்து. பின்பக்கம் ஆள் இருக்கு, தோண்டுங்கன்னு அது நேரலையில கதறினா எவன் தோண்டாம இருப்பான்? அதிகாரிகிட்ட நானும் பேசறேன். அது நம்பரைக் கொடு."

"அவளை டிவியில காட்ட வேணாம் சார். நீங்க போன்ல சொன்னா போதாதா?"

"நான் சொன்னா அது சிபாரிசு. அது அழுதா அது செய்தி. உனக்கு மாப்பிள்ளை வேணுமா வேணாமா?"

அவள் நம்பரைக் கொடுத்தாள். தங்கச்சியிடம் அவளே சொன்னாள்: மைக்கோடு ஒருத்தர் வருவார், அவர் கேட்கும்போது பின்பக்கம், பின்பக்கம் என்று திரும்பத் திரும்பச் சொல். சரிக்கா, சரிக்கா என்றது அந்தக் குரல். அவளைக் கூட்டிப்போய்ச் சந்தையில் நிறுத்தியது போல இருந்தது அகராதிக்கு. ஆனால் நிறுத்தினாள்.

வேலை நிற்கவில்லை. ஏஜென்சி கொட்டிக்கொண்டே இருந்தது. அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். வாசிப்பவர் உதட்டுச்சாயத்தைச் சரிசெய்துகொண்டு போனார். யாரோ பன் வாங்கி வந்து எல்லா மேசையிலும் வைத்தார்கள். அவள் மேசையில் வைத்ததில் சீனி மேல் ஈ உட்கார்ந்திருந்தது. விரட்டக்கூடத் தோன்றவில்லை.

மறுபடி போன்.

"அக்கா! ஒருத்தரைத் தூக்கிட்டு வந்தாங்க. முகமெல்லாம் மூடியிருந்துச்சு. நீலச் சட்டை. இவரும் நீலச் சட்டைதானக்கா போட்டுட்டுப் போனாரு! எனக்கு உசுரே போயிடுச்சு. துணியை விலக்கிப் பார்க்கச் சொன்னாங்க. பார்த்தேன்." மூச்சு வாங்கியது. "இவர் இல்லக்கா! இவர் இல்ல!"

"அப்பாடா!" என்றாள் அகராதி. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சிரிப்புக்கூட வந்துவிட்டது.

போனில், தங்கச்சிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் கத்தும் சத்தம் கேட்டது. அந்த நீலச் சட்டை யாருடையதோ, அவள் வந்து சேர்ந்துவிட்டாள். அக்காவும் தங்கச்சியும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 'வைக்கிறேன்கா' என்று கடைசியில் தங்கச்சி வைத்தாள்.

பதினொன்றை அழித்துப் பன்னிரண்டு என்று போடவேண்டியவள் அகராதிதான். போட்டாள். போட்டபோதும் உள்ளே அந்த அப்பாடா ஆறாமல் இருந்தது. இன்னும் எத்தனை பேரை வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு வாருங்கள், எங்கள் ஆள் இல்லாமல் இருந்தால் சரி. அப்படித்தானே நினைத்தாள்? அப்படியேதான் நினைத்தாள். எழுந்து போய் முகத்தைக் கழுவினாள். கழுவினால் போகிற அழுக்கா அது, திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"லைவ் போறோம், வா," என்று சீஃப் அவளைக் கன்ட்ரோல் ரூமுக்குக் கூட்டிப்போனார். நேரலை நடக்கும்போது அடிவரியை அங்கிருந்துதான் மாற்றவேண்டும். சின்ன அறை, சுவரெல்லாம் திரைகள், ஏசியின் குளிரில் பழைய சாக்ஸ் நாற்றம். சீஃப் ஒரு மைக்கின் முன்னால் உட்கார்ந்தார். அதில் பேசினால் சம்பவ இடத்தில் நிற்கும் நிருபரின் காதில் மட்டும் கேட்கும்.

நடுத்திரையில் தங்கச்சி வந்தாள். தலையெல்லாம் புழுதி. கூட்டத்தில் யாரோ இழுத்ததில் துப்பட்டா ஒரு பக்கமாய்த் தொங்கியது. நிருபர் மைக்கை அவள் வாயருகே நீட்டினார்.

"இவர் பின்பக்கம் இருக்காருங்க," என்றாள். சொல்லிக்கொடுத்ததை மறக்காமல் சொன்னாள். "கம்ப்ரசர் ரூமு பின்பக்கம். அங்க தோண்டச் சொல்லுங்க. தயவு பண்ணிப் பின்பக்கம் தோண்டச் சொல்லுங்க."

"குளோஸ்ல போ," என்றார் சீஃப் மெதுவாக. "கண்ணு ரொம்பிடுச்சு, வந்துடும். கணவர் கடைசியா என்ன சொல்லிட்டுப் போனாருன்னு கேளு."

நிருபர் கேட்டார். தங்கச்சியின் உதடு துடிக்க ஆரம்பித்தது.  சீஃபின் கையிலிருந்த போனில் ஏதோ செய்தி வந்து விழுந்தது. படித்தார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மைக்கில் குனிந்தார்.

"பின்பக்க மேட்டர் உன் காதுக்கு வந்தாலும் இப்ப சொல்லாத. அது முதல்ல அழட்டும்."

"எந்த மேட்டர்?" என்றாள் அகராதி.

அவர் திரும்பாமலே விரலை உயர்த்தினார். பொறு என்று அர்த்தம்.

"சார், எந்த மேட்டர்?"

"உன் மாப்பிள்ளை உயிரோடதான் இருக்கான். காலையிலேருந்தே பின்பக்கமும் ஒரு கோஷ்டி தோண்டிட்டிருந்தாங்களாம். குரல் கேட்டுடுச்சு, பேரு, தொழில் எல்லாம் சொல்றானாம். ரெண்டு நிமிஷம் சும்மா இரு, எங்க போயிடப் போறான்."

உயிர் திரும்பி வந்தது அவளுக்கு.  சந்தோஷப்படுவதா வாந்தியெடுப்பதா என்று ஒரு கணம் உடம்புக்கே தெரியவில்லை. காலையிலிருந்தே தோண்டுகிறார்கள். யாரும் கதறவேண்டிய அவசியமே இருந்திருக்கவில்லை. அவள் பாய்ந்து அவர் தோளுக்கு மேலாக மைக்கைப் பிடித்தாள்.

"சொல்லிடுங்க அவகிட்ட! ஆள் இருக்காருன்னு சொல்லிடுங்க!"

"கையை எடு!" என்று சீஃப் கத்தினார். இரண்டு குரலும் காதில் மோத, திரையில் நிருபர் பேந்தப் பேந்த விழித்தார். யார் பேச்சைக் கேட்பது என்று அவர் முடிவு செய்யவே இல்லை. அதற்குள் தங்கச்சியின் பின்னாலிருந்து, ஹெல்மெட் போட்ட ஒரு தீயணைப்புக்காரர் கூட்டத்தைப் பார்த்துக் கைதட்டிக் கூவினார்.

"எலக்ட்ரீஷியன் வீட்டுக்காரங்க யாரும்மா? ஆள் கிடைச்சாச்சு! பேசுறாரு! தண்ணி கேக்குறாரு!"

தங்கச்சி திரும்பினாள். மறுபடி கேமராவின் பக்கம் அவள் முகம் வந்தபோது அது அழுகிற முகமாக இல்லை. வாயெல்லாம் பல்லாய்ச் சிரித்தாள். கண்ணீர் வழிய வழிய, மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரின் தோளில் ஓங்கி அடித்துச் சிரித்தாள். அந்த அழுக்குப் பிடித்த அறையில் அத்தனை திரைகளிலும் அவள் சிரிப்புதான் இருந்தது.

"சே! கட் பண்ணு," என்றார் சீஃப். "சிரிக்கிறா. பக்கத்துல யாராவது அழுதா அங்க போ."

கேமரா தங்கச்சியை விட்டு நகர்ந்தது. தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போய் நின்று, நெருங்கியது. அவள் மடியில் மடித்த ஒரு நீலச் சட்டை. சீஃப் நாற்காலியில் சாய்ந்து, குச்சியை வாயில் வைத்துக்கொண்டார். அடிவரி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அகராதி வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அந்தப் பக்கம் ஒரே கூச்சல், தங்கச்சி அதற்கு மேல் கத்தினாள்.

"அக்கா, பார்த்துட்டேன்! ஸ்ட்ரெச்சர்ல கொண்டு வந்தாங்க. கால்தான் முறிஞ்சிருக்கு. என்னைப் பார்த்து, 'ஏண்டி டிவியில வந்தியாமே, தலையைச் சீவியிருக்கலாம்ல'ன்னு கேக்குறாருக்கா அந்த மனுஷன்!"

அகராதி சிரித்தாள், அழுதாள், மூக்கைச் சிந்தினாள். ஆஸ்பத்திரிப் பேரைக் கேட்டுக்கொண்டாள். இதோ கிளம்பி வருகிறேன் என்றாள்.

"ஆமா, நம்ம பெரியப்பா போன் பண்ணாருக்கா," என்றாள் தங்கச்சி. "டிவியில நல்லாப் பேசிட்டிருந்தேனாம், இவர் கிடைச்சாருன்னதும் பொசுக்குனு என்னைக் காணோமேங்குறாரு. யாரோ ஒரு அம்மாவைக் காட்டுனாங்களாம். ஏங்கா நிறுத்திட்டாங்க? கரண்ட் போயிடுச்சா?"

"இல்ல. நீ சிரிச்சுட்டே."

"சிரிச்சா என்னவாம்? அவர் உயிரோட வந்தா சிரிக்காம?"

"நீ அழுவேன்னு எதிர்பார்த்தாங்க."

 தங்கச்சி, நிஜமாகவே புரியாமல், "யாருக்கா?" என்று கேட்டாள்.

"நாங்கதான்," என்றாள் அகராதி.